பதினேழு வயதுச் சித்தப்பா

டொலார்ட்-டெஸ்-ஓர்மோ
ஆகஸ்ட், ஞாயிறு பின்னேரம்

பெருமதிப்புக்குரிய இரவிச்சந்திரன் மாமாவுக்கு,

மருமகள் சாருஜா வணக்கத்துடன் எழுதுவது. எழுதுவதற்கே முதலில் மன்னிக்க வேண்டும். புரோசார்ட்டில் இருக்கிற உங்களுக்கு டொலார்ட்டிலிருந்து ஒருத்தி முத்திரை ஒட்டிக் கடிதம் போடுவது, பக்கத்து அறையில் இருப்பவருக்குத் தந்தி அடிப்பது போல என்று எனக்கும் தெரியும். இரண்டும் மொன்றியல் பக்கம்தான், இடையில் ஒரு பாலமும் அதன் மேல் அசையாமல் நிற்கும் கார்களும்தான். ரெலிபோன் எடுத்துப் பார்த்தேன். எடுத்த ஒவ்வொரு முறையும் மாமிதான் கதைத்தார். "மாமா நிக்கிறாரோ?" என்று நான் கேட்டு முடிப்பதற்குள் கப்பலில் தான் பட்ட பாட்டை முதலிலிருந்து சொல்லத் தொடங்கிவிடுவார். அதே கப்பலில் அதே அறையில் அவருக்கு மேல் கட்டிலில் படுத்திருந்தவள் நான் என்பது அவருக்கு நினைவு வருவதில்லை. நேரில் வரலாம், ஆனால் நேரில் என் வசனங்கள் பாதியில் நின்றுவிடும். எழுதினால் முற்றுப்புள்ளி வரை போகின்றன. அதனால்தான் இந்தக் கடிதம்.

இங்கு அப்பா, அம்மா, நான் மூவரும் சுகம். நீங்கள் சுகமாக இருப்பதை, மாமி அனுப்பிய குரற்பதிவின் பின்னணியில் நீங்கள் பலமாகத் தும்மியதிலிருந்து அறிந்து மகிழ்ந்தேன்.

விமான நிலையத்தில் மாமி பெட்டிகளை நிறுக்கக் கொண்டுபோன நேரம் நீங்கள் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னது உங்களுக்கு நினைவிருக்கும். "பிள்ளை, உன்ரை மாமி புஷ்பம் சொல்லுறதை அப்பிடியே எடுக்கேலாது, அவ எதையும் ரெண்டால் பெருக்கித்தான் சொல்லுவா. மகன் தனோஜன் சொல்லவே மாட்டான். தனுஷா தன்னைப் பற்றித்தான் சொல்லுவாள். நீதான் பாத்துச் சொல்ல வேணும். அவனுக்கு அந்தக் கப்பலிலை ஒரு கூட்டாளி கிடைச்சதெண்டு உன்ரை வாயாலை சொன்னால், நான் ஏஜாக்ஸ் கதையை விடுறன். இல்லாட்டி செப்ரெம்பரிலை அவனை அங்கை படிக்க அனுப்புறதுதான்." நான் "ஓம் மாமா" என்றேன். அந்த "ஓம்" எவ்வளவு பாரமானது என்று விமானம் ஏறிய பிறகுதான் விளங்கியது. புரோசார்ட்டுக்கு வீடு மாறிய நாளிலிருந்து தனோஜன் பள்ளிக்கூடம் விட்டு வந்து நிலக்கீழறைக்கு இறங்கிக் காதில் ஹெட்செட்டை மாட்டிக் கொம்பியூற்றர் விளையாட்டில் இருந்தால் சாப்பாட்டுக்குத்தான் மேலே வருகிறான், எதைக் கேட்டாலும் "ம்" என்கிறான், ஒரு பிள்ளையும் வீடு தேடி வருவதில்லை என்பதெல்லாம் குடும்பத்தில் எல்லோருக்கும் தெரியும். ஏஜாக்ஸில் அருமைராசா பெரியப்பா வீட்டில் நான்கு ஆண்பிள்ளைகள். அங்கே ஒருவர் தனிமையில் இருக்க வேண்டுமென்றால் குளியலறைக்குத்தான் போகவேண்டும், அதற்கும் வரிசை. பெரியப்பா அவனுக்காகக் கட்டில் வாங்கிப் பூட்டியும் விட்டார் என்று கேள்விப்பட்டேன். ஆகவே ஒரு பிள்ளையின் முழு வருடமும் நான் சொல்லப்போகும் ஒரு சொல்லில் தொங்குகிறது. யூனிவேசிற்றியில் எனக்கு மண்ணைப் பற்றித்தான் படிப்பித்தார்கள். பிள்ளைகளைப் பற்றி எதுவும் படிப்பிக்கவில்லை.

அந்தக் கப்பலின் விளம்பரத்தாளைச் சாப்பாட்டு மேசையில் வைத்தது நீங்கள்தான் என்று மாமி சொல்கிறார். மாமிதான் வைத்தார் என்று நீங்கள் சொன்னதாக அப்பா சொல்கிறார். யார் வைத்திருந்தாலும், "பதினைந்து முதல் பதினேழு வயது வரையானோர் தம் வயதுத் தோழரைக் கண்டடையும் இளையோர் கழகம்" என்ற இடத்தில் பேனையால் வட்டம் போட்டிருந்தது. அந்த வட்டத்தை நம்பித்தான் நாங்கள் பார்சலோனாவில் கப்பல் ஏறினோம்.

ஏறிய அன்றே முதற் குழப்பம். கழகத்தில் பெயர் பதியும் மேசையில் ஒரு இத்தாலியப் பெண் இருந்தார். மாமி முன்னால் நின்று "மை சில்ட்ரன்" என்று கையைப் பின்னால் வீசினார். பின்னால் தனோஜன், தனுஷா, நான். கடவுச்சீட்டைப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். அவர் பார்க்கவில்லை. தனோஜனுக்கும், கெஞ்சிக் கேட்டதில் அவன் தங்கை பதினாலு வயது தனுஷாவுக்கும் கட்டியதுபோல, என் கையிலும் ஒரு மஞ்சள் றப்பர் பட்டியைக் கட்டிவிட்டார். நான் இருபத்துமூன்று வயதானவள், பட்டதாரி என்று சொல்ல வாயைத் திறந்தேன். எனக்குப் பின்னால் வரிசை நீளமாக இருந்தது. மூடிவிட்டேன். மாமியிடம் சொன்னபோது அவர் சந்தோசப்பட்டார். "நல்லதாப் போச்சு. உள்ளுக்கை நிண்டு பாக்க ஆள் வேணுமெண்டுதானே இருந்தனான். நீயும் பாக்கச் சின்னப் பிள்ளை மாதிரித்தானே, ஆருக்குத் தெரியப்போகுது?" அந்தப் பட்டி கத்தரித்தால்தான் கழலும். பெரியவர்கள் அமைதியாகச் சாய்ந்திருக்கும் தளத்துக்கு ஒரு புத்தகத்தோடு போனேன். வாசலில் நின்றவர் என் கையைப் பார்த்துவிட்டு, மிகவும் கனிவாக, "உன் அம்மா எங்கே கண்ணு?" என்ற தொனியில் ஆங்கிலத்தில் கேட்டுத் திருப்பி அனுப்பினார். இப்படியாக எங்கள் குடும்பத்தின் முதல் பட்டதாரியான நான் ஒரு வாரத்துக்குப் பதினேழு வயதுக்குத் திரும்பினேன். உண்மையில் பதினேழு வயதில் இருந்தபோது நான் அப்படி ஒரு இடத்துக்கும் போனவளில்லை.

கழகத்தில் முதல் வேலையாக எல்லோரையும் வட்டமாக நிறுத்தித் தங்களைப் பற்றி ஒரு விசயம் சொல்லச் சொன்னார்கள். தனுஷா மூன்று சொன்னாள். சொல்லி முடித்த கையோடு நாலைந்து பெட்டைகளுடன் நீச்சல் குளத்துக்குப் போனவளை, மாமா, நான் பிறகு பெரும்பாலும் சாப்பாட்டு நேரங்களில்தான் கண்டேன். தனோஜனின் முறை வந்தது. அவன் "பாஸ்" என்றான். அடுத்தது நான். நானும் "பாஸ்" என்றேன். அதற்குப் பிறகு நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்க்காமல் சுவரோரமாக நின்றோம். முதல் நாள் அறிக்கையை எழுதுவதென்றால், அவனுக்குக் கிடைத்த ஒரே கூட்டாளி அவனை வேவு பார்க்க அனுப்பப்பட்ட மச்சாள்தான்.

இரண்டாம் நாள் நம்பிக்கை பிறந்தது. மேசைப்பந்து மேசையில் ஒரு பெடியன் தனியாக நின்று பந்தைத் தட்டிக்கொண்டிருந்தான். தமிழ்ப் பெடியன் என்று பார்க்கவே தெரிந்தது. பெயர் சாரங்கன், பதினேழு வயது, நோர்வேயிலிருந்து தாயுடன் வந்தவன். தனோஜன் போய் மறுபக்க மட்டையை எடுத்தான். பெயர் கேட்கவில்லை, ஊர் கேட்கவில்லை, ஹலோ கூடச் சொல்லவில்லை. விளையாடத் தொடங்கிவிட்டார்கள். மத்தியானம் வரை விளையாடினார்கள். இடையில் தனோஜன் ஒருமுறை சிரித்தான். பல்லுத் தெரிந்தது. நான் ஓடிப்போய் மாமியிடம் சொன்னேன். அதுதான் நான் விட்ட பிழை.

எங்கடை ஆக்கள் ஒரு தமிழ் முகத்தைக் கண்டால் அடுத்து என்ன நடக்கும் என்று நான் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. மாமி பஃபேயில் சாரங்கனின் தாயைக் கண்டுபிடித்துத் தட்டோடு போய்ப் பக்கத்தில் இருந்தார். நானும் கூடப் போனேன்.

"நீங்கள் ஊரிலை எவடம்?"

"நான் வட்டுக்கோட்டை. இவர் அளவெட்டி. இவருக்கு லீவு கிடைக்கேல்லை. கடற்காத்து என்ரை முதுகுநோவுக்கு நல்லமெண்டு தம்பிதான் எங்கையோ வாசிச்சிட்டு வந்து, இந்தக் கப்பல்தான் எண்டு பிடிவாதமாக் கூட்டிக்கொண்டு வந்தவன்."

மாமி முதுகுநோவைக் கேட்கவில்லை. "அளவெட்டியோ? என்ரை மனுசனும் அளவெட்டிதான். அளவெட்டியிலை எவடம்?"

"பிள்ளையார் கோயிலடி."

"கோயிலுக்கு முன்னாலையோ, பின்னாலையோ?"

"பின்னாலை. கேணிப் பக்கம்."

மாமி கரண்டியைக் கீழே வைத்தார். "கேணிப் பக்கமெண்டால்... தபால்கந்தோர்ச் செல்லையாவின்ரை ஆக்களோ?"

"இவர் செல்லையாவின்ரை பேரன்தானே."

"ஐயோ, என்ரை மனுசன்ரை அப்பாவும் செல்லையாவின்ரை பேரனெல்லே."

இருவரும் எழும்பிக் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். பக்கத்து மேசையில் இருந்த ஜேர்மன்காரர் ஏதோ இழவுச் செய்தி என்று நினைத்துத் தொப்பியைக் கழற்றினார். பிறகு மாமி கைதுடைக்கும் தாளில் எனக்குக் கோடு போட்டு விளக்கினார்: உங்களுடைய அப்பாவும் சாரங்கனுடைய அப்பாவும் ஒன்றுவிட்ட சகோதரங்கள். ஆகவே அந்தப் பதினேழு வயதுப் பெடியன் உங்களுக்குத் தம்பி. தனோஜனுக்குச் சித்தப்பா. எனக்கும் மாமா முறை. உங்களுக்கு இப்படி ஒரு தம்பி இருப்பதை மாமி சொல்லியிருப்பார், வாழ்த்துகள்.

அடுத்த நாள் காலை மாமி மேசைப்பந்து மேசைக்குப் பக்கத்தில் ஒரு கதிரையைப் போட்டுக்கொண்டு இருந்தார். "தனோஜன், பந்தைச் சித்தப்பாட்டை முதல் குடு. சித்தப்பாவுக்கு இப்பிடி வெட்டி அடிக்கிறதே? சித்தப்பா எண்டு கூப்பிட்டுக் கதை, வாயிலை என்ன?" பிள்ளை தலையைக் குனிந்துகொண்டு, "சித்தப்பா, ஒம்பதுக்கு ஏழு" என்றான். சாரங்கன் மட்டையை மேசையில் மெதுவாக வைத்துவிட்டு, நீந்தப் போவதாகச் சொல்லிப் போய்விட்டான். அன்றிலிருந்து இரண்டு குடும்பமும் ஒரே மேசையில் சாப்பிடுவது என்று தாய்மார் இருவரும் முடிவெடுத்தார்கள். பெடியன்கள் எதிரெதிரே இருந்து தட்டைப் பார்த்துச் சாப்பிட்டார்கள். முன்பின் தெரியாதவர்களாக நின்றவரையில் கூட்டாளிகளாக இருந்தவர்கள், சொந்தக்காரர் ஆனதும் ஒரு சொல்லும் கதைக்கவில்லை. மாமிக்கோ, மகனுக்கு ஆள் கிடைத்துவிட்டதென்ற சந்தோசம் ஒரு பக்கம், இவன் ஏன் பிறகும் "ம்" என்கிறான் என்ற கவலை மறுபக்கம். எனக்கு எதை எழுதுவது என்று தெரியவில்லை. சித்தப்பா கிடைத்தால் அது கூட்டாளிக் கணக்கில் வருமா என்று நீங்கள் விமான நிலையத்தில் சொல்லவில்லை.

அன்று பின்னேரம் தனோஜன் தானாக என்னிடம் வந்தான். "மச்சாள், ப்ளீஸ். இனி ஆரையும் கண்டுபிடிச்சு அம்மாட்டைச் சொல்லாதேங்கோ." அந்தப் பயணத்தில் அவன் என்னிடம் கதைத்த முதல் முழு வசனம் அது. என் வேலையே கண்டுபிடித்துச் சொல்வதுதான் என்று எப்படிச் சொல்வேன்? தலையாட்டினேன்.

அதற்கு அடுத்த நாள் பழச்சாறு மேசையில் இன்னொன்று நடந்தது. தனோஜன் பிரெஞ்சில் ஏதோ கேட்டான். பக்கத்தில் நின்ற ஒரு பிள்ளை உடனே திரும்பி, பிரெஞ்சிலேயே, "நீ பிரெஞ்சு கதைக்கிறது பனிக்குள்ளை புதைச்சு வைச்சுத் தோண்டி எடுத்த மாதிரி இருக்கு" என்றாள். முன்பின் தெரியாத ஒருவரை ஒருத்தி இப்படிச் சொல்வாளா என்று நான் பயந்துபோனேன். தனோஜன் "ம்" சொல்லவில்லை. பாரிஸ்காரரின் பிரெஞ்சு தடிமன் பிடித்த மூக்கிலிருந்து வருகிறதென்றும், கியூபெக்கில் பஸ் சாரதிகூட அதைவிடத் துப்புரவாகக் கதைப்பாரென்றும் மூச்சுவிடாமல் நாலு வசனம் சொன்னான். நான் கண்ணீர் வந்து ஐஸ்கிறீம் மெசினுக்குப் பின்னால் போய் நின்றுவிட்டேன். அவள் பெயர் றெபேக்கா, பாரிஸுக்குப் பக்கத்தில் இருக்கிறாள். தாய் அல்போன்சம்மா மன்னார்ப் பக்கம். மார்செய்யில் மலைமேல் இருக்கிற மாதா கோவிலுக்குப் போகிற சின்ன ரெயினில் அவர் எனக்குப் பக்கத்தில் இருந்தார். "மாதாவைப் பாக்கத்தான் பிள்ளை வந்தனாங்கள். கப்பல் இவடத்திலை நிக்குமெண்டு என்ரை மகள்தான் தேடிச் சொன்னவள்" என்றார். பிறகு என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நீர் எவடம்?"

"மொன்றியல்."

"அது கையிலை இருக்கிற பையைப் பாக்கவே தெரியுது. ஊரிலை?"

நான் யன்னலுக்கு வெளியே எதையோ பார்த்து வியந்ததுபோல இருந்துவிட்டேன். றெபேக்காவைப் பற்றி மாமியிடம் ஒரு சொல்லும் சொல்லவில்லை.

இனித்தான், மாமா, எனக்குச் சரியாக விளங்காத பகுதி. அந்தக் கப்பலில் தமிழ்ப் பிள்ளைகள் வேறும் இருந்தார்கள், சுவிஸ், ஜேர்மனி, இலண்டன் என்று. எல்லோருக்கும் பின்னால் "எவடம்?" என்று கேட்கிற ஒரு அம்மா இருந்தார். சாரங்கனுக்கு நடந்தது அவர்களுக்குள் பரவிவிட்டது. இன்னொருவருக்குச் சித்தப்பாவோ மாமியோ ஆகிவிடாமல் இருக்க அவர்கள் ஒன்றுசேர்ந்தார்கள். சேர்த்தவன் யார் என்று நினைக்கிறீர்கள்? உங்கள் மகன். "அம்மா லிஃப்ற் ஏற மாட்டா, தலை சுத்தும். படியாலைதான் வருவா. அஞ்சாம் தளத்துக்கு மேலை மூச்சு வாங்க நிப்பா. அதுக்குள்ளை நாங்கள் மற்றப் பக்கத்தாலை இறங்கலாம்" என்று கப்பலின் படத்தை விரித்து வைத்து விளக்கினான். விடுமுறையில் வந்த எந்த அம்மாவும் எட்டிப் பார்க்காத இடம் எது என்று யோசித்து, உடுப்புத் தோய்க்கிற மெசின்கள் இருக்கிற அறையைக் கூடுமிடமாக வைத்தான். ஒரு போர்த்துக்கல் பெட்டையும் வந்து சேர்ந்தாள். அவளுக்குத் தமிழ் அம்மா இல்லை. ஆனால் அதே வேலையைச் செய்கிற மூன்று பெரியம்மாக்கள் இருந்தார்களாம். என்னை ஐஸ்கிறீம் மெசினடியில் காவலுக்கு விட்டார்கள். மாமி வந்தால் நான் இரண்டாவது கோன் எடுக்க வேண்டும், அதுதான் அடையாளம். "மச்சாளை ஒருத்தரும் கவனிக்க மாட்டினம், அவதான் சரி" என்று தனோஜன் சொன்னான். அது ஒரு தகுதி என்று என் வாழ்க்கையில் முதன்முறையாகக் கேட்டேன். சாரங்கனும் திரும்பி வந்துவிட்டான். இப்போது தனோஜன் அவனைக் கூப்பிட்டதே "சித்தப்பா" என்றுதான். "டேய் சித்தப்பா, உன்ரை சொக்ஸ் மணக்குது." மாமி கேட்டிருந்தால் விழுந்திருப்பார்.

பலெர்மோவில்தான் எல்லாம் வெடித்தது. கரைக்குப் போனவர்கள் கப்பலுக்குத் திரும்புகிற நேரம். மாமி, தனுஷா, நான் திரும்பிவிட்டோம். தனோஜன் சித்தப்பாவோடு முன்னாலேயே வந்திருந்தான், ஆனால் மாமிக்கு அது தெரியாது. கப்பல் முழுக்க ஏறி இறங்கித் தேடியிருக்கிறார். காவல் அவ்வளவு திறம். கடைசியில் என்னிடம் வந்தார். "தனோஜனைக் கண்டியே?" என் கையில் இரண்டாவது கோன் இருந்தது. "காணேல்லை மாமி" என்றேன். நான் மாமிக்குச் சொன்ன முதல் பொய். என் குரலை எனக்கே அடையாளம் தெரியவில்லை. மாமியின் முகம் மாறியது. "கூட்டாளி ஒருத்தரும் இல்லாத பிள்ளை. கூப்பிட்டுச் சொல்ல ஒருத்தன் இருந்திருந்தால் இப்பிடி விட்டிட்டு வந்திருப்பினமே? கரையிலை விட்டிட்டாங்கள். பிள்ளையைக் கரையிலை விட்டிட்டாங்கள்." நான் உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தபோது மாமி வரவேற்பு மேசையில் நின்று அழுதுகொண்டிருந்தார். அடுத்த நிமிடம் கப்பல் முழுக்க ஒலிபெருக்கியில், ஐந்து மொழியில், தனோஜன் இரவிச்சந்திரன் எங்கிருந்தாலும் வரவேற்பு மேசைக்கு வரவேண்டும் என்றார்கள். எங்கள் பெயர்களை இத்தாலியர்கள் சொன்னால் பாட்டுப் போல இருக்கிறது.

தோய்க்கிற மெசின்களின் சத்தத்தில் அவர்களுக்கு அறிவிப்புக் கேட்கவில்லை. போர்த்துக்கல் பெட்டைதான் ஓடிப்போய்ச் சொன்னாளாம். முதலில் படியில் காலடிச் சத்தம் கேட்டது. பிறகு தனோஜன் வந்தான். அவனுக்குப் பின்னால் சாரங்கன், றெபேக்கா, சுவிஸ், ஜேர்மனி, இலண்டன், போர்த்துக்கல், எல்லோரும் வந்தார்கள். அவனுக்கு ஏதோ ஆபத்து என்று ஒவ்வொருவரும் நினைத்துவிட்டார்கள். "என்னோடைதான் நிண்டவன்" என்று ஒவ்வொருத்தரும் ஒவ்வொரு மொழியில் கப்பல்காரருக்குச் சொன்னார்கள். நானும் கோனோடு போய் அந்த வரிசையின் ஓரத்தில் நின்றேன். ஏன் அந்தப் பக்கம் நின்றேன் என்று தெரியவில்லை. மாமி மகனைப் பிடித்துத் தலை, தோள், கை எல்லாம் தடவிப் பார்த்தார். கண்ணைத் துடைத்தார். பிறகு அந்த வரிசையை ஒருமுறை பார்த்தார். முகம் முகமாகப் பார்த்தார். தமிழ் முகங்களில் கண் நின்றது. எனக்கு அடுத்தது என்ன என்று தெரியும், எல்லோருக்கும் தெரியும்.

"பிள்ளையள், நீங்கள் எவடம், ஆற்றை..."

தனோஜன் குறுக்கே வந்து நின்றான். "அம்மா, கேக்காதேங்கோ. இவையள் எங்கடை ஆக்கள் இல்லை. என்ரை ஆக்கள்."

மாமி வாயைத் திறந்தபடி நின்றார். கப்பல் மெதுவாகக் கரையை விட்டது, காலுக்குக் கீழே தளம் அசைந்தது. பிறகு மாமி சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "சரி. சாப்பிட்டனீங்களோ எண்டாவது கேக்கலாமோ?"

நாங்கள் எல்லோரும் எங்கள் அறைக்குப் போய், மாமி பெட்டியில் மறைத்துக் கொண்டுவந்த பருத்தித்துறை வடையையும் மிக்சரையும் முடித்தோம். மாமி வாக்குத் தவறவில்லை. மிச்ச நாளெல்லாம் அந்தக் கேள்வியைத் தொண்டைக்குள் வைத்துக்கொண்டு எப்படித்தான் திரிந்தாரோ. கடைசி நாள் தாங்கமுடியாமல் போர்த்துக்கல் பெட்டையிடம் மட்டும் கேட்டார். அவள் எவருக்கும் சொந்தமில்லை என்று தெரிந்ததும் மாமி விட்ட பெருமூச்சு தூரத்துக்குக் கேட்டிருக்கும். இறங்கும்போது இத்தாலியப் பெண் என் பட்டியைக் கத்தரித்துவிட்டு, "மண் படித்தவர் நீங்கள்தானே?" என்று கேட்டார். தனுஷா முதல் நாளே எல்லோருக்கும் சொல்லிவிட்டாளாம். ஒரு வாரம் நான் குற்றவாளி போல ஒளித்துத் திரிந்தது வீண். எல்லோருக்கும் தெரிந்திருந்தும் என்னைக் காவலுக்கு வைத்திருந்தார்கள் என்பதை நினைக்க, ஒரு மாதிரி இருக்கிறது.

இதெல்லாம் நடந்தும் மாமி உங்களிடம் என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் எனக்கும் அதையேதான் சொன்னார். "ஊர் பேர் தெரியாத ஒரு கூட்டத்தோடை ரெண்டு நாள் திரிஞ்சவன். இஞ்சை வந்த உடனை பழையபடி கீழை இறங்கியிட்டான். போன மாதிரியே வந்திருக்கிறான். கப்பல் ஏறினது வீண்." நானும் அப்படித்தான் நினைத்தேன். போன சனிக்கிழமை பின்னேரம் நாங்கள் உங்கள் வீட்டுக்கு வந்தபோது நீங்கள் புல்லு வெட்டிக்கொண்டிருந்தீர்கள். மாமி என்னிடம் ஒரு தட்டைத் தந்து கீழே கொண்டுபோய்க் கொடுக்கச் சொன்னார். தனோஜன் இருட்டில் அதே கதிரையில், அதே ஹெட்செட்டோடு, கதவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இருந்தான். பார்த்தால் கப்பலே ஓடாததுபோல இருந்தது. நான் தட்டை வைத்துவிட்டு அழுதுவிடுவேனோ என்று திரும்பும்போது அவன் சொன்னான்: "சித்தப்பா, வலப்பக்கம். வலப்பக்கமடா. றெபேக்கா, நீ சத்தம் போடாதை, உன்ரை மூக்குப் பிரெஞ்சு எனக்கு விளங்கேல்லை." பிறகு சிரித்தான். பல்லுத் தெரிந்திருக்கும், நான் முதுகைத்தான் பார்த்தேன்.

ஆகவே மாமா, இது என் சொல். கூட்டாளி கிடைத்துவிட்டது. ஒன்றுக்கு மேல். நீங்கள் மேலே நின்று பார்த்தால் அவன் தனியாக இருப்பதுபோலத்தான் தெரியும். படியில் நின்று கேட்க வேண்டும். தயவுசெய்து அவனை ஏஜாக்ஸுக்கு அனுப்பாதீர்கள். அந்தக் கட்டிலைப் பெரியப்பா வேறு யாருக்காவது கொடுக்கட்டும். மாமியின் கேள்விதான் எல்லாவற்றையும் கெடுத்தது, அதே கேள்விதான் எல்லோரையும் சேர்த்தது. அதை எந்தக் கணக்கில் போடுவது என்று இன்னும் தெரியவில்லை. எப்படியோ, தோழர் இல்லாமல் ஏறிய பிள்ளையைத் தோழர்களோடு இறக்கியது அந்தக் கப்பல். அதில் ஐஸ்கிறீம் மெசினடியில் நின்ற எனக்கும் ஒரு சின்னப் பங்கு உண்டு என்று நினைத்துப் பெருமைப்படுகிறேன்.

மாமிக்கும் தனுஷாவுக்கும் என் அன்பு. தனுஷா குளத்தடிக் கூட்டாளிகள் எல்லோருடனும் கடைசி நாள் சண்டை பிடித்துவிட்டாள், அதனால் கொஞ்சம் கூடுதலான அன்பு. உங்கள் தடிமன் கெதியில் மாறவும், பாலத்தில் உங்களுக்கு வழி கிடைக்கவும் வேண்டிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
அன்பு மருமகள்
சாருஜா

பி.கு: கடித உறையை ஒட்டுவதற்கு முன், நடந்ததெல்லாம் சரியாக இருக்கிறதா என்று இதைத் தனோஜனுக்கு ரெலிபோனில் வாசித்துக் காட்டினேன். நடுவில் சிரிக்கத் தொடங்கியவன் நிறுத்தவில்லை. மாமா, அவனுக்குக் கப்பலில் ஒரு கூட்டாளியும் கிடைக்கவில்லை. சாரங்கனையும் றெபேக்காவையும் அவனுக்கு இரண்டு வருடமாகத் தெரியுமாம், அந்த ஹெட்செட்டுக்குள். அங்கே யாரும் யாரையும் எவடம், ஆற்றை பிள்ளை என்று கேட்பதில்லையாம். ஒருத்தரையொருத்தர் நேரில் பார்க்க வேண்டும் என்று மூவரும் சேர்ந்து ஒரே கப்பலைத் தெரிவுசெய்து, ஒருத்தன் தாயின் முதுகுநோவைச் சொல்லி, ஒருத்தி மாதாவைச் சொல்லி ஏறியிருக்கிறார்கள். மேசையில் விளம்பரத்தாளை வைத்ததும் வட்டம் போட்டதும் அவன்தான். சித்தப்பா என்பது மட்டும் அவர்களுக்கும் தெரியாதாம். ஆகவே மேலே நான் பெருமைப்பட்ட வரியை வெட்டிவிடுங்கள். "கூட்டாளி கிடைத்தது" என்பதையும் வெட்டிவிடுங்கள். அனுப்பாதீர்கள் என்பதை மட்டும் விட்டுவையுங்கள்.

இன்னும் ஒன்று. எழுதலாமா என்று இவ்வளவு நேரம் யோசித்தேன். சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவில் இருக்கிற யூனிவேசிற்றிக்குப் பஸ்ஸில் போய்ப் படித்து வந்த வருடங்களில் பக்கத்துச் சீற்றில் என் பைதான் இருந்தது. நேற்று றெபேக்கா தனோஜனிடம், "அந்தக் கிழட்டுப் பதினேழு எங்கை, ஏன் வாறேல்லை?" என்று என்னைப் பற்றிக் கேட்டாளாம். உங்கள் நிலக்கீழறையில் மேல் தட்டில் பெட்டி உடைக்காத இன்னொரு ஹெட்செட் இருக்கிறது. சனிக்கிழமைகளில் நான் அதை எடுக்கலாமா? அப்பா கேட்டால், தனோஜனுக்கு இரசாயனம் சொல்லிக்கொடுக்க வாறன் எண்டு சொல்லுவியளோ மாமா?